பனிச்சறுக்கு நாட்களுக்குத் தங்குமிடம்: ஜப்பானின் அடுக்கக விடுதியும் ரியோகானும்

ஹொக்கைடோவில் டிசம்பர் இறுதியில் மாலை நான்கு மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுவதால், விளக்கொளியில் இரவுச் சறுக்கு நடக்கும் சரிவுகளுக்குச் செல்வோர் நீங்கலாக, மற்றவர்கள் நாளின் பெரும்பகுதியைத் தங்குமிடத்திலேயே கழிக்கின்றனர். நனைந்த உடையை உலர்த்துவதும், உண்பதும், வெந்நீரில் குளித்துக் களைப்பாறுவதும் அங்கேதான் நிகழ்கின்றன. ஆதலால் விடுதியைத் தேர்வது என்பது அந்த நீண்ட மாலையை எவ்வாறு கழிப்பது என்று தீர்மானிப்பதே ஆகும்.

மரபான ரியோகான், புற்பாயாகிய ததாமி விரித்த அறையும், இரவில் அதன்மேல் விரிக்கப்படும் ஃபூத்தோன் மெத்தையும், குறித்த நேரத்தில் பரிமாறப்படும் இரவு உணவும் உடைய சத்திரம். அதன் எளிய வடிவமாகிய மின்ஷுகு, ஒரு குடும்பம் தன் வீட்டையே விருந்தினர்க்குத் திறந்துவிடுவது. அடுக்கக விடுதி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு, சமையலறையும் சலவை இயந்திரமும் கொண்ட முழு வீடு ஒன்றை நாள் வாடகைக்குத் தருகிறது. இவ்வகை விடுதிகள் ஹொக்கைடோவின் சறுக்குத் தலமான நிசெகோவில் பெருகியது 2000-க்குப் பின், ஆஸ்திரேலியப் பயணிகளும் முதலீட்டாளர்களும் அங்கே திரண்டு வந்தபோது. இவற்றின் அளவைக் குறிக்க, ஜப்பானிய வீட்டு விளம்பரங்களில் வழங்கும் ‘2எல்டிகே’ போன்ற குறியீடுகளே பயன்படுகின்றன. முதலில் நிற்கும் எண் தனி அறைகளின் தொகை. பின்வரும் எழுத்துகள் கூடம், உணவிடம், சமையலறை ஆகிய மூன்றையும் குறிப்பன. வெறும் ‘1கே’ என்றிருந்தால் ஒற்றை அறையும் ஒடுங்கிய சமையலிடமும் மட்டுமே உண்டு என்று கொள்ள வேண்டும்.

கட்டணத்தை ஒப்பிடுவோர் பெரும்பாலும் இடறுவது கணக்கிடும் அலகில்தான். ரியோகான் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்று, ‘ஓர் இரவு, இரு வேளை உணவு’ என்னும் பொருள்படும் ‘இப்பாகு நிஷோகு’ முறையில் வசூலிக்க, அடுக்கக விடுதியோ வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. இருவர் மட்டும் தங்கும்போது செலவு மிகுந்ததாகத் தோன்றும் வீடு, ஐவர் பகிரும்போது சிக்கனமாகிவிடக்கூடும். ஆயினும் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு ஆகிய நெரிசல் நாட்களில் பல அடுக்கக விடுதிகள் குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்று விதிப்பதோடு, முழுத் தொகையையும் பல வாரங்களுக்கு முன்பே கேட்பதால், பயணம் உறுதியாகாதவர்க்கு அவை பொருந்தா. நிசெகோவின் ஒரு பகுதி அடங்கிய குட்சான் நகராட்சி 2019 நவம்பரில் கட்டணத்தில் 2 சதவீதமாகத் தொடங்கிய தங்கல் வரியைப் போன்றவை விளம்பர விலையில் அடங்கியுள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்வது நலம்.

உணவைப் பொறுத்தவரை, தமிழ்ப் பயணிகளுள் சைவ உணவினர்க்கு இத்தேர்வு பெரும்பாலும் முன்பே முடிந்துவிடுகிறது. ஜப்பானியச் சமையலின் அடிப்படையான ‘தாஷி’ என்னும் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியைக் கொண்டு எடுக்கப்படுவது. சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திச் சீவிய இப்பொருள், தென் கடற்கரையிலும் ஈழத்திலும் வழங்கும் மாசிக்கு நெருங்கிய உறவு. காய்கறி மட்டுமே மிதப்பதாகத் தெரியும் குழம்பிலும், வேகவைத்த கீரையிலும் அது கலந்திருக்கக்கூடும் என்பதால், மீனை அறவே தவிர்ப்போர் ரியோகானில் தங்க விரும்பினால் முன்பதிவின்போதே எழுதிக் கேட்க வேண்டும். சிறிய சமையற்கட்டுகள் பல இயலாது என்றே விடையளிக்கும். அவ்விடையை நேர்மையின் அடையாளமாகவே கொள்ளலாம். மீனுண்போர்க்கோ, மலையூர் ரியோகானின் இரவு உணவு, பயணத்தின் பிற பகுதிகள் எதுவும் ஈடுசெய்ய முடியாத அனுபவம். அவர்கள் அதை இழந்து, மூன்றே இரவுக்காகச் சமையலறையுள்ள வீட்டை எடுப்பது வீண்.

வீட்டை எடுப்போர், அங்கே அடுப்பு பெரும்பாலும் மின்தூண்டல் வகையாக இருக்கக்கூடும் என்பதையும், அதில் சாதாரண அலுமினியக் குக்கர் சூடேறாது என்பதையும், ஜப்பானின் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட் ஆகையால் 230 வோல்ட்டுக்கென்று செய்த மிக்சி முறையாகச் சுழலாது என்பதையும் அறிந்து செல்ல வேண்டும். ஆனால் இந்நாட்டவரின் முதன்மை உணவும் சோறே ஆதலால், பல வீடுகளில் சோறு ஆக்கும் மின்குக்கர் இருப்பது பெரும் துணை. அரிசி, தோஃபு, முட்டைக்கோசு, முள்ளங்கி ஆகியவை எளிதில் கிடைக்கும். பருப்பும் மசாலாவும் மலையூர்க் கடைகளில் அரிது. சமைத்து முடிந்தபின், எரியும் குப்பை, எரியாக் குப்பை, பெட் புட்டி, தகரக் குவளை என்று பிரித்து வைக்க வேண்டிய பொறுப்பும் தங்குவோருடையதே.

உடை உலர்த்துவதில் அடுக்கக விடுதியின் கை ஓங்குகிறது. சறுக்குக் காலணியின் உள்ளுறை ஈரமாகவே இருந்தால் மறுநாள் கால் விறைத்துவிடும் என்பதால், ‘கான்சோ-ஷிட்சு’ என்னும் உலர்த்தும் அறை எந்த விடுதியிலும் கேட்டறிய வேண்டிய முதல் வசதி. நல்ல மின்ஷுகுவிலும் அது இருக்கும். அறையின் கதகதப்பிலோ தீவுக்குத் தீவு வேறுபாடு பெரிது. ஹொக்கைடோவின் கட்டடங்கள் இரட்டைச் சாளரத்தோடு குளிரைத் தடுக்குமாறு கட்டப்பட்டிருக்க, நடுத்தீவான ஹொன்ஷுவின் பழைய சத்திரங்களில் அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தாலும் நடைவழி குளிர்ந்தே கிடக்கும். குழந்தைகளோடு செல்வோர் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

குளியலில் நிலைமை தலைகீழ். வீட்டுத் தொட்டியில் நிரப்பும் நீர், ஒன்சென் எனப்படும் இயற்கை வெந்நீர் ஊற்றுக்கு ஈடாகாது. எனினும் இங்கே விடுதியைவிட ஊரே முதன்மையானது. நகானோ மாநிலத்தின் நொசாவா ஒன்செனில், ஊராரே கூடிப் பராமரிக்கும் 13 பொதுக் குளியலகங்கள் தெருக்களில் அமைந்திருப்பதால், அங்கே எந்த அறையில் தங்கினாலும் ஊற்றுநீர் நடக்கும் தொலைவில் உண்டு. நிசெகோவின் ஹிராஃபுவில் அடுக்கக விடுதியை நாடுவோர், பொது ஒன்சென் உள்ள கட்டடத்தையே தேடுவது சிறப்பு. 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்த ஹகுபாவிலோ, சறுக்குத் தலங்கள் பள்ளத்தாக்கு நெடுகப் பரவிக் கிடப்பதால், பேருந்து நிறுத்தத்துக்கு அருகே இருப்பதே முதல் தகுதி. பனி உறைந்த ஏற்றத்தில், கனத்த காலணியோடு பலகைகளைச் சுமந்து பத்து நிமிடம் நடப்பவர்க்கு, வீட்டுக் கூடத்தின் அழகு ஆறுதல் தராது.

ஒரே கட்டடத்துக்குள்ளும் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்ட வீடுகளை ஒரு மேலாண்மை நிறுவனம் வாடகைக்கு விடும் ஏற்பாடே பரவலாகையால், ஒன்று புதுப்பிக்கப்பட்டும் அடுத்தது தேய்ந்தும் இருக்கலாம். ஒதுக்கப்படும் வீட்டின் படத்தையே கேட்பது முறை. வரவேற்பு மேசை வேறு கட்டடத்தில் இருப்பதும் உண்டு ஆதலால், பனிப்புயலில் இரவு தாமதமாக வருவோர் சாவி பெறும் வழியை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். வீட்டுத் தங்கல் குறித்து 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த ‘மின்பாகு’ சட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 180 நாள் மட்டுமே விருந்தினரை ஏற்கும் தனி வீடுகளும் தோற்றத்தில் இவற்றை ஒத்திருக்கும். வாசலில் பனி அள்ளுவது யார் என்பதை அங்கே குறிப்பாகக் கேட்க வேண்டும்.

நால்வருக்கு மேற்பட்டோர் ஐந்து இரவுக்கு மேல் தங்குவதானால் வீடும், இருவர் இரண்டு மூன்று இரவு தங்குவதானால் ரியோகானும் பொதுவாக ஏற்றவை. இரண்டையும் இணைப்போர், உடல் அயர்ந்து பிறர் சமைத்ததையும் வெந்நீரையும் நாடும் கடைசி இரவை ரியோகானுக்கு ஒதுக்குவது பொருத்தம். யமாத்தோ நிறுவனம் 1983-இல் தொடங்கிய ‘ஸ்கீ தக்கியுபின்’ என்னும் பொதி அனுப்பும் சேவை, பலகைகளையும் காலணிகளையும் விமான நிலையத்துக்கே கொண்டு சேர்த்துவிடும். குறித்த நாளுக்குமுன் போய்ச் சேரும்படி நாள் கணக்கிட்டு முதல் விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டால், ததாமி அறைக்குள் ஈரப் பலகைகளைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை.