பேரங்காடிக்கு அனுப்பும் மரக்கறியும் அதன் பொதியும்

கந்தளாய்க் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் கமக்காரரிற் பலர் மேட்டுக் காணியிற் கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய் ஆகியவற்றையும் பயிரிடுகின்றனர். இம்மரக்கறிகள் பேரங்காடியை அடைந்ததும் பிளாஸ்ரிக் தட்டில் வைக்கப்பட்டு மெல்லிய தாளாற் சுற்றப்படுவதைப் பலரும் கண்டிருப்பர். பொதியிடுதல் வியாபாரியின் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிடுதல் தகாது. தாள் தேவைப்படுவதற்கான காரணங்களுள் ஒன்று நம் தோட்டத்திலேயே உண்டாகிறது.

அத்தாள் போய்ச் சேரும் இடத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் மாகாணத்து அம்பாறையில், பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தன என்று 2022 சனவரியில் அறியவந்தது. கந்தளாயும் யானை நடமாடும் பிரதேசமே.

பறித்த பின்பும் மரக்கறி உயிருள்ள பொருளாகும். அது சுவாசித்து வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. கத்தரியைச் சாக்கில் அமுக்கிக் கட்டி ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் அடியிலுள்ளது நசியும். கீறுண்ட தோலின் வழியே பூஞ்சணம் புகும். இவ்வாறு வந்த பொருள் மேலும் வாடாதிருக்கவே கடைக்காரர் தாளைத் தேடுகிறார். துவாரமில்லாத தாளினுள்ளே நீராவி துளியாகப் படிந்து அழுகலை விரைவுபடுத்துவதும் உண்டு.

ஆகையால் வெயில் ஏறுமுன் பறித்து, நிழலிற் பரப்பிச் சூடாற்றி, துவாரமுள்ள கூடைகளில் அனுப்புக. கழுவிப் பலமுறை உபயோகிக்கத்தக்க பிளாஸ்ரிக் கூடை இதற்கு ஏற்றது. 2011இல் அரசாங்கம் இக்கூடைகளைக் கட்டாயமாக்க முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. கூடையின் விலை, லொறியிற் குறைவாகவே ஏற்ற முடிதல், வெறுங்கூடையைத் திருப்பிக் கொணரும் செலவு ஆகியவை நியாயமான முறைப்பாடுகளே. இச்செலவைக் கமக்காரர் தலையில் மட்டும் சுமத்துதல் சரியன்று. பேரங்காடியே கூடைகளைத் தந்து, தன் லொறியிலேயே வெறுங்கூடைகளை அனுப்பும் ஒழுங்கைக் கமக்காரர் அமைப்பின் மூலம் பேசிப் பெறுதல் வேண்டும். யூரியா வந்த பையையும் கிருமிநாசினி வந்த பெட்டியையும், எத்தனை முறை கழுவினாலும், உணவுப் பொருளுக்கு உபயோகிக்கலாகாது.

கடையிலே கீரை, பயற்றை, வெண்டி ஆகியவற்றைக் கட்ட வாழையிலை போதும். 2019இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ரிம்பிங் என்னும் பேரங்காடி மரக்கறியை வாழையிலையிற் சுற்றி, மூங்கிற் பட்டையாற் கட்டி விற்றது. அவ்வாண்டே வியட்நாமிலும் சில பேரங்காடிகள் அம்முறையைக் கைக்கொண்டன. சோற்றுப்பொதி கட்டிய நம்மவர்க்கு இது புதுமையன்று. நம் நாட்டிலும் 2025 நவம்பர் முதல் கடைகளிற் பொலித்தீன் பைக்கு விலை அறவிடப்படுவதால், வாங்குவோரும் மாற்றுப் பொதியை வெறுக்கமாட்டார்.

கிழியாத இலையின் நடுநரம்பை நீக்கி, இருபுறமும் தூய நீராற் கழுவித் துடைத்து, தணலின்மேற் சிறிது வாட்டினால் அது முறியாமல் வளையும். நன்கு ஆறிய பின்னரே மரக்கறியைச் சுற்றி வாழைநாராற் கட்டுக. சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும். இலைப்பொதி ஓரிரு நாளில் வாடிவிடுமாதலால், அன்றாடம் விற்றுத் தீரும் பொருளுக்கே அது பொருந்தும். கொழும்புக்குச் செல்லும் சரக்கைக் கூடையில் அனுப்பி, அங்குள்ள கடையிலேயே இலையாற் கட்டுவித்தல் நன்று.

இலைக்கும் விலை கிடைக்கிறதென்று குலை ஈன்ற மரத்தை மொட்டையடித்தல் ஆகாது. இலை குறைந்தால் காய் பருக்காது. இலைக்கென்றே வேலியோரத்திற் சில வாழைகளை வேறாக நட்டுக்கொள்க.