ஓடியவர் பெயரால் ஓர் அறக்கட்டளை

விளையாடும் மாணவனுக்குப் பொருளுதவி இரு வழியில் வருகிறது. அவனுடைய ஆட்டத்திறனைக் கருதிப் பல்கலைக் கழகமே தரும் உபகாரச் சம்பளம் ஒன்று. மறைந்தார் ஒருவர் பெயரால் நிறுவப்பெற்ற நினைவு அறக்கட்டளையிலிருந்து வருவது மற்றொன்று. இரண்டும் பணந்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். ஆட்டக்காரனின் கால் முறிந்த அன்று வேற்றுமை விளங்கிவிடும்.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் 1973 முதல் விளையாட்டு உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. பயிற்சியாளருக்கு வேண்டாதவனாகிவிட்ட மாணவனுக்கு மறு ஆண்டு உதவி இல்லாமற் போகலாம். முழங்கால் நொறுங்கியவன் கதியும் அதுவே. பல்லாண்டு உதவிக்கு மீண்டும் இசைவு கிடைத்தது 2012 அளவில்தான். இதனைக் கல்வி உதவி என்பதா, கூலி என்பதா?

நினைவு அறக்கட்டளையின் அமைப்பு வேறு. நன்கொடையாளர் ஒரு முதலை வைக்கிறார். அதைத் தொடாமல், அதன் வருவாயை மட்டும் மாணவர்க்கு அளிப்பர். தமிழர்க்கு இது புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியோர் 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்தனர். தனி ஆடு மூப்படையும், சாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. நாள்தோறும் உழக்கு நெய் வந்து கொண்டேயிருக்க வேண்டும். கல்வெட்டுக்கள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை இம்மூன்று சொற்கள் சொல்லிவிடுகின்றன!

முதல் எவ்வளவு என்பதைவிட, எந்த விதியின்படி கொடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். 1902-இல் மறைந்த செசில் ரோட்ஸ் தம் உயிலில் ஆக்ஸ்போர்டு மாணவர்க்கு உதவி வைத்தபோது, பத்தில் இரண்டு பங்கு மதிப்பெண்ணை விளையாட்டு ஆர்வத்துக்கும் திறமைக்கும் ஒதுக்கச் சொன்னார். வெறும் புத்தகப் புழுக்கள் வேண்டா என்பது அவர் கருத்து. ஆனால் அவ்வுதவி ஆடவர்க்கே உரியதாயிருந்தது. பெண்களுக்குக் கதவு திறந்தது 1977-இல். கொடுத்தவர் காலத்துக் குறைகளும் விதியோடு சேர்ந்தே வாழ்கின்றன.

இனிக் கனடா நாட்டு டெரி பாக்ஸைக் காண்போம். இவர் பிறவி வீரரல்லர். எட்டாம் வகுப்பில் கூடைப்பந்து அணியில் இடம் பெற்றும், அப்பருவம் முழுவதிலும் ஆடியது ஒரே ஒரு நிமிடம்! விடாமுயற்சியால் உயர்ந்து, சைமன் பிரேசர் பல்கலைக் கழகத்தின் இளையோர் அணியில் இடம் பிடித்தார். முதலாண்டு முடியுமுன், 1977-இல், எலும்புப் புற்றுநோய் கண்டது. வலக் காலை முழங்காலுக்கு மேலே அகற்றினர். வயது 18. ஆட்டத்துக்காகவே உதவி பெறும் மாணவராயிருந்தால் அன்றோடு கணக்கு முடிந்திருக்கும்.

அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து கூடைப்பந்து ஆடினார். பின்னர்ச் செயற்கைக் காலுடன் ஓடப் பழகினார். 1980 ஏப்ரல் 12-இல் நாட்டின் கீழ்க்கடற்கரையிலிருந்து புறப்பட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓடலானார். தம் பொருளைப் புகழ்ந்து பேசும்படி கேட்ட வணிக நிறுவனங்களை மறுத்துவிட்டார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின் நோய் நுரையீரலில் பரவியது தெரிந்தது. மேல்கடலைக் காணாமலே ஓட்டம் நின்றது. தலைக்கு ஒரு டாலர் என்று நாட்டு மக்களிடம் அவர் கேட்டிருந்தார். 1981 பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள் தொகையும் அவ்வளவே. அதே ஆண்டு சூன் 28-இல் அவர் மறைந்தார். அவர் நினைவாகப் பல நாடுகளில் ஓட்டங்கள் நடைபெறுகின்றன, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது.

1982-இல் கனடா அரசு ஐம்பது இலட்சம் டாலரை முதலாக வைத்து, டெரி பாக்ஸ் மனிதநேய விருது என்னும் கல்வி உதவியை நிறுவியது. எட்டாம் வகுப்பில் பலகையில் உட்கார்ந்திருந்தவரின் பெயரால் வரும் உதவியல்லவா? கோப்பை வென்றவர்க்கென்று அதனை ஒதுக்கவில்லை. படிப்பில் தேர்ச்சி, ஊதியம் கருதாத விளையாட்டு அல்லது உடற்பயிற்சியில் ஈடுபாடு, பிறர்க்குச் செய்யும் தொண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்குகின்றனர். ஒரு முறை பெற்றவர் நான்காண்டு வரை புதுப்பித்துக் கொள்ளலாம். புதுப்பிப்பதற்குக் கேட்கப்படுபவை படிப்பும் தொண்டும் நன்னடத்தையும்.