செராமிக் கோட்டிங்: டப்பாவில் எழுதியதும் காரில் நடப்பதும்

புது கார் எடுக்கும்போது ஷோரூமிலேயே பேச்சு தொடங்கிவிடும். "செராமிக் கோட்டிங் போட்டுடுங்க சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்பார்கள். சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்தவர், ஆன்லைனில் ஒரு சின்ன பாட்டிலை வாங்கி ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பிக்கிறார். வீட்டில் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். பாட்டிலோடு கூடவே வரும் நம்பிக்கைகளில்தான் வம்பு.

"9எச் கடினம், கீறலே விழாது" என்பது முதல் நம்பிக்கை. இந்த 9எச் ஒரு பென்சில் கணக்கு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைப் பூச்சின் மேல் அழுத்தி இழுத்து, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. கனிமங்களுக்கான மோஸ் அளவுகோல் வேறு. அதில் 9 என்றால் மாணிக்கம், நீலக்கல் வகையறா. இரண்டிலும் 9 இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விற்பவர்களும் திருத்துவதில்லை, அவர்களுக்கென்ன நஷ்டம்? தெருப் புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் கணக்கில் 7. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த பென்சில் முனையைத் தாங்கிய பூச்சு, அந்த மணலையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. பூச்சின் தடிமனும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். அடியில் இருக்கும், பெயின்ட்டின் தெளிவான மேலடுக்கான கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லை இந்தப் பூச்சு தடுக்காது. அதற்கு 150 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள பிபிஎஃப் என்ற பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும். அது வேறு செலவு.

லைட்டர் நெருப்பைக் காட்டி அசத்தும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். கோட்டிங் போடாத பெயின்ட்டும் அந்தச் சில விநாடிகளைப் பெரும்பாலும் தாங்கிவிடும்.

"பழைய கீறலெல்லாம் மறைஞ்சிடும்" என்கிறார்களே? மறையாது. கண்ணாடி போலத் தெளிவான பூச்சுக்கு அடியில் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே நாளில் பாதிக்கு மேல் செலவழிக்கிறார்கள். நன்றாகக் கழுவிய காரின் போனட்டை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் பிரேக் தூசியும் தார்த் துளியும் பெயின்ட்டைப் பிடித்திருக்கின்றன. அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்புத் துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். மிச்சத்தை, நன்றாக ஈரம் விட்டு, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு பாலிஷ். பாலிஷின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் கோட்டிங் பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் தவிர்த்துவிட்டுப் போடுபவர், அழுக்கின் மேல் வார்னிஷ் அடிக்கிறார்.

அடுத்தது வெயில். வெயிலில் நிறுத்திப் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறோம். உண்மையில் இந்தத் திரவத்தின் கரைப்பான் ஆவியானதும், மீதமிருப்பது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. சூடான தகட்டில் பூசினால், துடைக்க அவகாசம் தராமல் திட்டுத் திட்டாக உறைந்துவிடும். நிழலில், கை வைத்தால் சுடாத பேனலில், இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்ளிகேட்டரில் சில சொட்டு விட்டு முதலில் நெடுக்கும் பிறகு குறுக்குமாகத் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் மழைக்காலச் சாலையில் எண்ணெய் மிதப்பதைப் போல வானவில் நிறங்கள் தெரியும். அதுதான் துடைக்க வேண்டிய நேரம். சென்னை, தூத்துக்குடி போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில் அது சீக்கிரமே வந்துவிடும். துடைத்த பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, விட்டுப்போன திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இறுகிவிட்டால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். துடைத்த துணியைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதன் இழைகளில் இறுகிய பூச்சே பெயின்ட்டைக் கீறும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது.

கடைசி நம்பிக்கைதான் அதிகம் கெடுப்பது: "இனிமே கழுவவே வேணாம்." பூச்சின் உண்மையான பயன், அழுக்கு லேசில் விட்டுப்போவதுதான். கழுவும் வேலை சுலபமாகும், ஆனால் இல்லாமல் போகாது. நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். கோட்டிங் மேல் முத்து முத்தாக நிற்கும் அந்தத் தண்ணீர் அப்படியே காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டமாகிவிடும். ஆர்ஓ மெஷினின் கழிவு நீரைப் பிடித்துக் கார் கழுவுபவர்கள் உண்டு. சிக்கனம் பாராட்டத்தக்கதுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதல். எந்தத் தண்ணீரானாலும் உடனே துடைத்துவிடுங்கள். காக்கை எச்சத்தையும் அன்றன்றே கழுவிவிடுங்கள். அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒரே துணியால் வரிசையாக எல்லாக் கார்களின் புழுதியையும் வறட்டுத் துடைப்பாகத் துடைப்பவரிடம், உங்கள் காரை விட்டுவிடச் சொல்லுங்கள். எந்தக் கோட்டிங்கும் அந்தத் துணிக்கு முன்னால் நிற்காது.

பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. ராத்திரி காரை நிறுத்த மூடிய இடம் இல்லாதவர்கள், ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை பாட்டிலைத் திறக்க வேண்டாம்.