டீம் லீடர் ஆயிட்டீங்களா? கோரல் மில் கதையைக் கேளுங்க

ஃபைனல் இயர் புராஜெக்ட், சிம்போசியம், என்.எஸ்.எஸ். கேம்ப் என ஏதோ ஒன்றில் "நீயே லீடரா இரு" என்று உங்க தலையில் கட்டிவிட்டார்களா? அப்போ மூணு பிரச்சினை கண்டிப்பா வரும். நாம சொன்னா கேட்பாங்களா என்ற பயம். பாதிப் பேர் காணாமல் போவது. கடைசியில் எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்வது.

இதுக்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கு. நான் சொல்லப்போறது நம்ம பக்கத்துக் கதை. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில்லில் கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன.

1. பதவி இல்லாமலும் பேச்சு எடுபடும்

வ.உ.சி. அந்த மில்லில் வேலை பார்த்தவர் இல்லை, வக்கீல். ஆனாலும் தொழிலாளர்கள் கேட்டார்கள். அவர் பேசியது அவங்க கூலியை, அவங்க கஷ்டத்தை. நீங்களும் முதல் வாரத்தில் ஒவ்வொருத்தரிடமும் தனியா உட்கார்ந்து கேளுங்க: உனக்கு என்ன நல்லா வரும்? எது கஷ்டம்? எவ்வளவு நேரம் தர முடியும்? இது தெரிந்துவிட்டால் மீட்டிங்கில் குரல் நடுங்காது.

2. வராதவரைத் திட்டும் முன் காரணம் பாருங்க

வேலைநிறுத்தத்தில் முதலில் தீர்ந்துபோவது தைரியம் இல்ல, வீட்டு அரிசி. அதனால்தான் ஊரில் பணம் திரட்டி, கஷ்டப்பட்டவர்களுக்கு உதவி செய்தார்கள். உங்க டீமில் வராதவரிடம் லேப்டாப் இல்லாமல் இருக்கலாம். அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிக்க சீக்கிரமே கிளம்ப வேண்டியிருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் கத்தினால் அது தீராது. அவரால் முடிகிற வேலையைக் கொடுங்க. வெறும் சோம்பல்தான் என்றால் தனியா பேசி, ஒரு தேதி சொல்லுங்க. அதுவும் தாண்டினால் கைடிடம் போங்க, தப்பே இல்லை.

3. நீங்க இல்லாத நாளை யோசிங்க

மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், இந்தத் தடவை அவருக்காக.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, அவர் சிறையில் இருந்த காலத்தில் நிற்க முடியாமல் போனது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. அரசின் அடக்குமுறை, போட்டிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பு எல்லாம் காரணம்தான். ஆனால் அவ்வளவு பெரிய பாரம் ஒரே தோளில் இருந்ததும் உண்மை.

உங்களுக்கு ரிவ்யூ அன்று காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? கோட், பாஸ்வேர்டு, பில் எல்லாம் இன்னொருவருக்கும் தெரியணும். அடுத்த ரிவ்யூவில் பேசுகிற வேலையை, இதுவரை வாயே திறக்காத ஒருத்தருக்குக் கொடுங்க. முந்தின நாள் கூட உட்கார்ந்து இரண்டு தடவை பேச வைங்க. அன்னைக்கு நீங்க பின்வரிசையில் இருந்தா போதும்.