வாடகையும் ரசீதும்: சில தவறான கணக்குகள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஆலைகளைவிட லாரிகள்தான் அதிகம் கண்ணில் படும். ரெனோ, டைம்லர், அப்போலோ டயர்ஸ் போன்ற பெரிய ஆலைகளில் வாடகை பேசவும் ரசீது படிக்கவும் தனி ஆட்கள் உண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகளில் எல்லாமே முதலாளி தலையில்தான். அங்கே நிலவும் சில நம்பிக்கைகள் காசைக் கரைக்கின்றன.

நம்பிக்கை: தூரம்தான் வாடகையைத் தீர்மானிக்கிறது.

தூரம் ஒரு பங்குதான். லாரிக்காரர் போகிற வழிக்கு மட்டும் கணக்குப் போடுவதில்லை, திரும்பி வருவதற்கும் சேர்த்தே போடுகிறார். போகிற ஊரில் ரிட்டர்ன் லோடு உடனே கிடைக்கும் என்றால் பேரத்துக்கு இறங்குவார். இல்லையென்றால், வெறும் வண்டி திரும்பி வரும் டீசலும் உங்கள் வாடகையில்தான் ஏறும். ஒரே சாலையில் போக ஒரு ரேட், வர ஒரு ரேட் என்று இருப்பது இதனால்தான். மாதக் கடைசியில் எல்லா ஆலைகளும் ஒன்றாகச் சரக்கை வெளியே தள்ளுவதால் வண்டிக்குத் தட்டுப்பாடு, ரேட் ஏறும். உங்கள் கேட்டில் வண்டி இரண்டு நாள் காத்துக் கிடக்கும் என்ற பெயர் பரவிவிட்டால், ஹால்டிங் காசு தனியாகக் கேட்காவிட்டாலும் அடுத்த முறை வாடகையில் அதைச் சேர்த்துவிடுவார்கள்.

நம்பிக்கை: எடை குறைந்தால் கட்டணம் குறையும்.

இடத்தை அடைக்கும் சரக்குக்கு இது பொருந்தாது. விமானத்தில் அனுப்பினால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். 100, 80, 60 அளவுள்ள பெட்டிக்கு 80 கிலோ வருகிறது. உள்ளே 25 கிலோ பிளாஸ்டிக் பாகம்தான் இருக்கிறது என்றாலும் பில் 80 கிலோவுக்கே.

நம்பிக்கை: ரயில் என்றால் நிலக்கரியும் சிமென்டும், கார் ரோட்டில்தான் போகும்.

செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் உள்ள வாலாஜாபாத் ஸ்டேஷனிலேயே கார்கள் ரயிலேறுகின்றன. பழைய பயணிகள் பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, முனையில் கதவு வைத்து, கார் ஏற்றும் பெட்டியாக மாற்றும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. அதற்கென்றே புதிதாக வடிவமைத்த அடுக்குப் பெட்டிகளில் ஒரே ரயில் முந்நூறுக்கு மேல் கார்களைக் கொண்டுபோகும். வடக்கே நெடுந்தூரத்துக்கு இது லாபம். ஆனால் ஒரு முழு ரயிலை நிரப்பச் சரக்கு வேண்டும். ஆலையிலிருந்து ஸ்டேஷனுக்கும், அங்கே ஸ்டேஷனிலிருந்து டீலருக்கும் டிரெய்லர் செலவு தனி. கிட்டத்து ஊருக்கு ரோடுதான் சரி.

நம்பிக்கை: இரண்டு டன் கூட ஏற்றினால் மிச்சம்தானே!

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. இரண்டு டன்னுக்கு 24,000 ஆகிறது. மிச்சம் எங்கே?

நம்பிக்கை: எல்.ஆர். (லாரி ரசீது) கையில் இருந்தால் முழுப் பணமும் வந்துவிடும்.

இதுதான் ஆளைக் கவிழ்ப்பது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன: வாடகையைப் போலப் பத்து மடங்கு. அதுவும் நீங்கள் அறிவித்த சரக்கு மதிப்பைத் தாண்டக் கூடாது. 12 லட்சம் ரூபாய்ச் சரக்கை 40,000 ரூபாய் வாடகையில் அனுப்பி அது தொலைந்தால், பொதுவாக 4 லட்சம் வரைதான் கேட்க முடியும். பேரம் பேசி வாடகையை 30,000 ஆக்கினால் அந்த வரம்பும் 3 லட்சமாகச் சுருங்கும்! முழு மதிப்புக்கும் பொறுப்பு வேண்டுமென்றால் கூடுதல் ரிஸ்க் ரேட் தர எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், வாடகைக்கு வாதாடும் நேரத்தில் பாதியை இன்சூரன்ஸுக்குச் செலவிடலாம்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. ரசீதில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காது என்று பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அந்த வரி இருந்தாலும் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு டிரான்ஸ்போர்ட்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. ஆனால் வழக்குக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதற்குச் சட்டம் தரும் கெடு 180 நாள். சரக்கு தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் செய்த தேதியிலிருந்து.