எத்தனை ஸ்டார், எந்த வருஷத்து ஸ்டார்?

சின்ன கார் வாங்கப் போகிறீர்களா? ஷோரூமில் “ஃபைவ் ஸ்டார் சார்” என்றதும் தலையாட்டிவிடாமல், எந்த ஆண்டுச் சோதனை என்று கேளுங்கள். கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஸ்டார் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2022 ஜூலையில் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்கு முந்தைய ஸ்டாரும் பிந்தைய ஸ்டாரும் ஒன்றல்ல.

2023 அக்டோபரில் தொடங்கிய, இந்தியாவின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப், மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் காரின் முன்பக்கத்தை ஒரு ஓரமாக மோதவிட்டுப் பார்க்கிறது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். (விற்பவர் அதைத் தானாகச் சொல்வது அபூர்வம்!)

ஒரு சின்ன காரின் ஐந்து ஸ்டாரை, கனமான எஸ்யூவியின் ஐந்து ஸ்டாரோடு ஒப்பிடாதீர்கள். ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கிடையில்தான் அந்த ஒப்பீடு செல்லும்.

கார் வாங்கிய பிறகும் ஒரு கவனம் வேண்டும்: சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், அதை அடைக்காத சீட் கவராகப் போடுங்கள்.