லிங்க் வேகம் பார்க்கப் பழகும் தம்பி தங்கைகளுக்கு

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை வழியே 1 ஜி.பி.பி.எஸ். கொண்டுசேர்ப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஊராட்சி அலுவலகம் வரை அவ்வளவு வேகம் வந்தாலும், மேசைக்குப் போகும் கடைசிப் பத்து மீட்டர் வயர் அதைப் பத்தில் ஒரு பங்காக்கிவிடலாம். வானூர், மரக்காணம் பக்கம் இந்த வேலைக்கு வருகிறவர்கள் இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. ‘நெட் ஸ்லோ’ என்றதும் இணைய நிறுவனத்துக்குப் போன் போடாதீர்கள். முதலில் லிங்க் வேகத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரும் சுவிட்சும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட வேகம் அது. வாங்கிய இணையத் திட்டம் வேறு கணக்கு.

2. விண்டோஸில் ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்தால் வேகம் தெரியும். லினக்ஸில் ‘ஐபி லிங்க்’ கொடுத்து நெட்வொர்க் கார்டின் பெயரை அறிந்து, ‘ஈத்டூல்’ கட்டளையோடு அந்தப் பெயரைக் கொடுங்கள். வேகம், டூப்ளெக்ஸ், ஆட்டோ நெகோஷியேஷன் மூன்றையும் சேர்த்தே படியுங்கள்.

3. அதே பட்டியலில் ‘லிங்க் பார்ட்னர்’ என்ற வரியை விடாதீர்கள். எதிர்முனை என்னென்ன வேகத்துக்குத் தயார் என்று அது சொல்லும். அதில் 100 (எம்.பி.பி.எஸ்.) வரைதான் இருந்தால் சுவிட்ச் பழசு. 1000 இருந்தும் லிங்க் 100-இல் நின்றால் முதல் சந்தேகம் வயர்மேல்.

4. 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். 1000-க்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலான கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வருவதால் யாருக்கும் தெரியாது. செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் ஒடியும். வாங்காதீர்கள்.

5. நம் பக்கம் உப்புக்காற்று. கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, எட்டுப் பின்களையும் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் சுரண்டாதீர்கள். வெட்டிவிட்டுப் புது கனெக்டர் கிரிம்ப் செய்யுங்கள். சுவிட்ச் பக்கத்துப் பின்களையும் பார்த்துவிடுங்கள்.

6. வேகத்தைக் கட்டாயமாக ஏற்றிவைக்க ஆசைப்படாதீர்கள். ஒரு முனையை 100, ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டிவிட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டால், மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிங் ஒழுங்காகப் போகும். பெரிய ஃபைல் மட்டும் திணறும். இரண்டு முனையும் ஆட்டோ, அல்லது இரண்டு முனையும் ஒரே அமைப்பு. செம்பு வயரில் ஜிகாபிட் ஓட ஆட்டோ கட்டாயம்.

7. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஈத்டூலில் சின்ன எஸ் மாற்றும். பெரிய எஸ் பிழைக் கணக்கைக் காட்டும். குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்படி மாற்றியது ரீபூட் ஆனால் போய்விடும். நிலைக்க நெட்வொர்க் மேனேஜரில் எழுதுங்கள். தொலைவிலிருந்து சர்வரில் கை வைக்காதீர்கள். லிங்க் ஒருமுறை விழுந்து எழும். எழாவிட்டால் நேரில் போக வேண்டியதுதான்.

8. வேலை முடிந்ததும் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். லிங்க் 1000 என்றால் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். 100 என்றால் 12.5. சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை ஏறக் கூடாது. தேதியையும் வேகத்தையும் சுவிட்ச் பெட்டிமேல் எழுதி ஒட்டுங்கள். மழைக்காலம் முடிந்து வருகிறவருக்கு, எது மாறியது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும்.